பள்ளி வேன் வராத திங்கட்கிழமை: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வேலைக்குத் தயார்ப்படுத்துவது எப்படி?

பன்னிரண்டு ஆண்டுகளாகக் காலை 7.40க்கு வேன் வந்து நின்றது. பள்ளிப் படிப்பு முடிந்த அடுத்த திங்கட்கிழமை அது வரவில்லை. என் மாணவன் ஒருவன் சீருடை அணிந்து, பையை மாட்டிக்கொண்டு, ஒன்பது மணி வரை வாசலிலேயே நின்றிருந்தான் என்று அவனுடைய அம்மா பிறகு சொன்னார். பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது என்று வீட்டில் சொல்லித்தான் இருந்தார்கள். நாங்களும் பிரிவுபசார விழா நடத்திச் சால்வை போர்த்தி அனுப்பினோம். ஆனால் வேனுக்குப் பதிலாக இனி என்ன வரும் என்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? அடுத்த ஒன்றரை ஆண்டு அவன் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அரும்பாடுபட்டுக் கற்றிருந்த தனிப் பேருந்துப் பயணமும் அதற்குள் மறந்துபோனது.

அந்த ஒன்றரை ஆண்டில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் இந்தப் பக்கம் புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வேலை தேடுவது கடைசி வேலை. தொடங்க வேண்டியது எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ, பிள்ளைக்குப் பதினான்கு வயது இருக்கும்போது. கீழே உள்ளவை தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதியவை.

ஒரு நோட்டுப் புத்தகம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இரண்டு வாரத்துக்குப் பிள்ளையைக் கவனித்து மட்டும் எழுதுங்கள். 'அவனுக்கு என்ன பிடிக்கும்?' என்று எழுத வேண்டாம். அதற்குக் கார்ட்டூன், பிரியாணி என்றுதான் பதில் வரும். யாரும் எதுவும் சொல்லாத நேரத்தில் கை தானாக எதைச் செய்கிறது என்று பாருங்கள். செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்குகிறானா? பழைய செய்தித்தாளைத் தேதிவாரியாக வைக்கிறாளா? துவைத்த துணியின் மூலையோடு மூலை சேரும்வரை விடுவதில்லையா? இவை எல்லாம் வேலைக்கான தடயங்கள்.

கூடவே எதிர்ப்பக்கத்தையும் எழுதுங்கள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்கிறான், பினாயில் வாசனைக்குக் குமட்டுகிறது, மின்னும் டியூப்லைட்டின் கீழ் உட்கார மாட்டாள், பின்னாலிருந்து யாராவது தொட்டால் திடுக்கிடுகிறாள். திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனிக்குள் தையல் இயந்திரங்கள் வரிசையாக ஓடும் கூடத்துக்கும் துணி மடித்துப் பெட்டியில் அடுக்கும் அறைக்கும் உள்ள இரைச்சல் வித்தியாசம் சாதாரணமானதல்ல. கம்பெனியின் பெயரைவிட, எந்த அறை, எந்த மூலை என்பதே பல பிள்ளைகளுக்கு முடிவைத் தீர்மானிக்கிறது.

காகித வேலைகள் பதினெட்டுக்கு முன்பே

இந்தப் பகுதி சலிப்பூட்டும். ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன; ஆட்டிசம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அந்நாளில் பல பிள்ளைகளுக்கு 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று சான்றிதழ் எழுதித் தந்தார்கள். 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது பட்டியல் 21 ஆனது, ஆட்டிசமும் அதில் சேர்ந்தது. உங்கள் பிள்ளையின் சான்றிதழ் பழையதென்றால் எடுத்துப் பாருங்கள். வகை தவறாக இருக்கலாம், காலக்கெடுவும் முடிந்திருக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, அரசு மருத்துவமனைப் பரிசோதனையை முடித்து, நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டையை வாங்கிவிடுங்கள். தமிழக அரசின் படிவங்களில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் அத்தனை வண்டிகளின் நேரத்தையும் ஒப்பிக்கிற பையனுக்குப் புற உலகச் சிந்தனை இல்லையாம்! என்ன செய்வது, கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியதுதான்.

பரிசோதனை நாளில் பெற்றோர் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. டாக்டர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பெருமையாக, 'அதெல்லாம் நன்றாகச் செய்வான் சார்' என்பார்கள். இந்தியாவில் இதற்குப் பயன்படும் அளவுகோலில் 40 கூறுகள் இருக்கின்றன. பதில்களும் மதிப்பெண்ணில் சேரும். இட ஒதுக்கீடு போன்ற உரிமைகளுக்குச் சான்றிதழில் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று இருக்க வேண்டும். பிள்ளையின் மோசமான நாள் எப்படி இருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். மேலே சொன்ன நோட்டு இங்கேயும் உதவும்.

பதினெட்டு வயதானதும் சட்டப்படி உங்கள் பிள்ளை தனி மனிதர். வங்கிக் கணக்கை அவர் பெயருக்கு மாற்றி, அவரே கையெழுத்துப் போடப் பழக்குங்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு, அவருக்காக முடிவெடுக்கும் சட்டக் காப்பாளரை நியமிக்கலாம். ஆனால் எல்லோருக்கும் அது தேவையில்லை. 'எதற்கும் வாங்கி வைப்போம்' என்று அவசரப்படாதீர்கள். எதையெல்லாம் அவரே முடிவு செய்ய முடியும், எதற்குத் துணை வேண்டும் என்று பிரித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

வேலையைத் தக்கவைக்கும் சின்னச் சின்ன விஷயங்கள்

என் அனுபவத்தில், எங்கள் பிள்ளைகள் வேலை தெரியாமல் வேலையை இழந்தது அபூர்வம். வேலைக்கு வெளியே இருந்த ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் அவர்களைத் திருப்பி அனுப்பியது. பேருந்து, கழிப்பறை, சாப்பாட்டு நேரம், யாரை எப்படிக் கூப்பிடுவது என்று அந்தப் பட்டியல் நீளும். ஆகவே பள்ளியின் கடைசி மூன்று நான்கு ஆண்டுகளின் பாடத்திட்டமே இதுதான்.

பேருந்திலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த வாரம் இரண்டு இருக்கை தள்ளி. பிறகு நீங்கள் பின்னால் இருசக்கர வாகனத்தில். அதற்கும் பிறகு, போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் மட்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் கிடையாது; ஆனால் நடத்துநர் வந்து நிற்கும்போது அட்டையை எடுத்து நீட்ட வேண்டும் என்பதையும் பழக்க வேண்டும். எல்லாம் சரியாக நடக்கும் நாளை மட்டும் பழக்கி நிறுத்திவிடாதீர்கள். வண்டி வழியில் பழுதாகி நின்றால்? திருவிழாவுக்காகப் பாதையை மாற்றிவிட்டால்? வேண்டுமென்றே ஒரு நிறுத்தம் தள்ளி இறக்கி, அங்கிருந்து எப்படி வருவது என்று கூட நின்று காட்டுங்கள். எங்கள் பள்ளியில் இதற்கு 'கெட்ட நாள் ஒத்திகை' என்று பெயர்.

அடுத்தது பேச்சு. மூன்று வாக்கியங்கள் போதும்: 'எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்.' 'முடித்துவிட்டேன், அடுத்து என்ன?' 'எனக்கு ஐந்து நிமிடம் வெளியே போக வேண்டும்.' பேச்சு வராத பிள்ளைக்கு இதே மூன்றும் அட்டையாகவோ போனில் குரல் பதிவாகவோ இருக்கலாம். இந்த மூன்றும் கைவந்த பிள்ளைக்கும் வராத பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம், சரளமாகப் பேசும் பிள்ளைக்கும் பேசாத பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது.

நம் ஊர் வேலையிடத்தில் எழுதப்படாத இலக்கணம் ஒன்று இருக்கிறது. யாரும் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணா, அக்கா, சார், மேடம் என்று போகும். என் மாணவன் ஒருவன் மேலாளரின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் படித்துவிட்டு, அதிலிருந்த பெயரைச் சொல்லியே கூப்பிட்டான். அட்டையில் அப்படித்தானே எழுதியிருக்கிறது! 'சாப்பிட்டாயா?' என்று யாராவது கேட்டால், அது வெறும் நலவிசாரிப்பு என்று தெரியாமல் காலையில் தின்ற இட்லியின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவான். புறப்படும் ஆள் 'வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனால், வருவார் என்று காத்திருப்பான். இவற்றை ஒவ்வொன்றாக எழுதி நடித்துக் காட்டிச் சொல்லித் தரலாம். தமிழ்ப் பேச்சில் சொல்வது ஒன்று, பொருள் ஒன்றாக இருக்கும் இடங்கள் எத்தனை என்பது எனக்கு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பெற்றோர் தவிர்க்கும் பாடம் ஒன்று மிச்சமிருக்கிறது. உடல். எது தனியறையில் மட்டும் செய்யக்கூடியது, யார் எங்கே தொடலாம், தொடக் கூடாத இடத்தில் தொட்டால் யாரிடம் சொல்ல வேண்டும், பொதுக் கழிப்பறையில் எப்படி நடந்துகொள்வது, மாதவிலக்கு நாளில் வேலையிடத்தில் என்ன செய்வது. கூச்சப்பட்டு இதை விட்டுவிட்டால், ஒருநாள் ஒரு புகாரோடு வேலை போகும், அல்லது பிள்ளை யாரிடமாவது ஏமாறும். அதே போல, கேட்டவுடன் ஏ.டி.எம். எண்ணையும் ஓ.டி.பி.யையும் சொல்லிவிடும் நேர்மை நம் பிள்ளைகளுக்கு உண்டு. 'யார் கேட்டாலும் சொல்லாதே' என்பதில் மாமாவும் அடக்கம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மெழுகுவத்தி செய்தது போதும்

தொழிற்பயிற்சி மையங்களில் மெழுகுவத்தி, காகித உறை, பினாயில், ஊதுவத்தி என்றே ஓடிக்கொண்டிருக்கிறது. கண்காட்சியில் நாமே செய்து நாமே வாங்கிக்கொள்கிறோம். அதில் மகிழ்ச்சியாக இருக்கும் பிள்ளைகள் உண்டு, அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் யாரையும் கேட்காமல் எல்லோரையும் அதில் உட்காரவைப்பது பயிற்சி அல்ல. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினம். வகுப்பறை மேசையில் பொட்டலம் கட்டப் பழகிய பெண், கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். அப்படியானால் கடையிலேயே கற்றுக்கொடுத்துவிடலாமே.

அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996இல் தொடங்கிய 'புராஜெக்ட் சர்ச்' (Project SEARCH) என்ற திட்டம் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் பொருட்களை அலமாரியில் நிரப்பி வைக்கும் ஆட்கள் நிலைக்காமல் போனதைப் பார்த்து, அந்த வேலைக்கு வளர்ச்சிக் குறைபாடுள்ள இளைஞர்களைப் பழக்கினார்கள். பள்ளியின் கடைசி ஆண்டை வேலையிடத்திலேயே கழித்து, ஓராண்டுக்குள் மூன்று வெவ்வேறு பிரிவுகளில் மாறி மாறிப் பழகுவது அதன் முறை.

அத்தனை பெரிய ஏற்பாடு நம்மால் முடியாவிட்டாலும் சிறிய வடிவில் முடியும். வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்து பாருங்கள். மளிகைக் கடை, ஜெராக்ஸ் கடை, நூலகம், பேக்கரி, நாற்றுப்பண்ணை, ஓட்டலின் சலவைப் பிரிவு, மருந்துக் கடையின் பின்னறை. இவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம், தினம் இரண்டு மணி நேரம் கேளுங்கள். கோடை விடுமுறை இதற்குத் தோதான காலம். எங்கே கை வேகமாக ஓடுகிறது, எங்கிருந்து திரும்பி வந்ததும் தூங்கிவிடுகிறான், எங்கே போக மறுக்கிறான் என்பதெல்லாம் நோட்டில் ஏற வேண்டும். பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்வதும் லாபம்தான்.

முறையான மதிப்பீடு வேண்டுமென்றால், சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் உண்டு.

படிப்பைத் தொடர விரும்பும் பிள்ளைகளுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, ஐ.டி.ஐ., கல்லூரி எல்லாமே திறந்திருக்கின்றன. தேர்வில் சொல்லச் சொல்ல எழுதித் தருபவர் உதவியும் கூடுதல் நேரமும் கேட்டுப் பெறலாம். ஆனால் வேலைக்குப் போகும் யோசனையைப் பட்டம் வரை ஒத்திப்போட வேண்டாம். கல்லூரிப் பருவத்திலும் வாரம் ஒருநாள் வேலை அனுபவம் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஆட்டிசம் என்றாலே கணினி மேதை என்று சினிமா நம்பவைத்திருக்கிறது. எஸ்.ஏ.பி. என்ற ஜெர்மன் மென்பொருள் நிறுவனம் 2013இல் ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்று தனி வேலைத்திட்டம் அறிவித்ததும், அதில் பெங்களூரு அலுவலகமும் இருந்ததும் நல்ல செய்திதான். அதைப் படித்துவிட்டு, மண்ணில் கைவைத்தால் மட்டும் அமைதியாகும் பையனை மென்பொருள் பரிசோதனை வகுப்பில் சேர்த்த அப்பாக்களை எனக்குத் தெரியும்.

முதலாளியிடம் என்ன சொல்வது?

'பாவம் சார், ஏதாவது ஒரு வேலை கொடுங்கள்' என்று தொடங்காதீர்கள். பரிதாபத்தில் கிடைக்கும் வேலை, பரிதாபப்பட்டவர் மாறும் நாளில் போய்விடும். முதலில் கடையைக் கவனியுங்கள். எந்த வேலை தேங்கி நிற்கிறது? வந்த சரக்கில் காலாவதித் தேதி பார்ப்பதா, பில்களை எண்வரிசையில் அடுக்குவதா? 'இந்த வேலையை இவர் பிழையில்லாமல் செய்வார், இரண்டு வாரம் பாருங்கள்' என்று கேளுங்கள்.

வழக்கமான நேர்காணல் ஆட்டிசம் உள்ளவருக்குப் பொருந்தாத தேர்வு. கண்ணைப் பார்த்துப் பேசுவதையும் கை குலுக்குவதையும் அது சோதிக்கிறது; வேலையைச் சோதிப்பதில்லை. அதற்குப் பதிலாகச் செய்துகாட்டும் சோதனை கேளுங்கள். கையில் ஒரு பக்கக் குறிப்பு இருக்கட்டும்: என்ன செய்வார், எப்படிச் சொன்னால் புரியும், எது தொந்தரவு, தொந்தரவானால் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும். நோயின் வரலாறு அதில் வேண்டாம்.

பெரிய நிறுவனமானால் இன்னும் சில விஷயங்களைக் கேட்கலாம். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்துக்கும் சமவாய்ப்புக் கொள்கை எழுதி வெளியிட வேண்டிய கடமை இருக்கிறது. மனிதவளத் துறையில் அந்தக் கொள்கையைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டபிறகே எழுத உட்காரும் இடங்களும் உண்டு. இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கான சம்பள உச்சவரம்பு பொதுவாக 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு வேலையில் மொத்தம் 4 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து அதில் 1 சதவீதம். விண்ணப்பியுங்கள், ஆனால் அதையே நம்பி வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

சம்பளம் பற்றித் தயங்காமல் பேசுங்கள். சில வாரச் சோதனைக் காலம் சம்பளமில்லாமல் இருக்கலாம். 'பயிற்சி' என்ற பெயரில் அது ஆண்டுக்கணக்கில் நீண்டால் அதற்குப் பெயர் சுரண்டல். பணம் பிள்ளையின் கணக்கில் விழ வேண்டும்.

முதல் மூன்று மாதம்

வேலையைச் சின்னச் சின்ன அடிகளாக உடைத்துப் படத்தோடு எழுதி, வேலை செய்யும் இடத்திலேயே ஒட்டுங்கள். 'அதை அங்கே வை', 'கொஞ்சம் சீக்கிரம்', 'பார்த்துச் செய்' என்பவை கட்டளை ஆகாது. 'நீலப் பெட்டியில் பன்னிரண்டு பாக்கெட் வை, பிறகு மூடியை அழுத்து' என்பதே கட்டளை. முதல் இரண்டு வாரம் அரைநாள் போதும். ஆசிரியரோ பயிற்சி பெற்ற வேலைத் துணைவரோ பக்கத்தில் இருக்கலாம். ஆனால் முதல் நாளிலிருந்தே அவருடைய நோக்கம் தான் விலகுவதாக இருக்க வேண்டும். அவர் சொல்லித்தருவதைப் படிப்படியாக அந்த இடத்தில் வேலை செய்யும் ஒரு அக்காவோ அண்ணனோ ஏற்றுக்கொள்ளும்படி செய்யுங்கள். அந்த ஒருவர் யார் என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் அவர் மேலாளராக இருக்க மாட்டார். டீ வாங்கிவரும் போது பிள்ளைக்கும் ஒன்று சேர்த்து வாங்குகிறவராக இருப்பார்.

அமைதியாகச் சென்று உட்கார ஒரு மூலை வேண்டும். சரக்கறையோ மாடிப்படியின் கீழோ எதுவானாலும் சரி. பிள்ளை நிலைகுலைந்தால் சுற்றி நின்று சமாதானம் சொல்லக் கூடாது, தனியே விட வேண்டும் என்பதை உடன் வேலை செய்பவர்களுக்கு அரைமணி நேரம் ஒதுக்கிச் சொல்லுங்கள். இதைப் பிள்ளையின் சம்மதத்தோடு செய்வது முறை.

வழக்கம் மாறும் நாட்களுக்கு முன்கூட்டியே தயார்ப்படுத்துங்கள். ஆயுத பூஜையன்று வேலைக்குப் போனால் இயந்திரம் ஓடாது, சூடப் புகை இருக்கும், பூசணிக்காய் உடைப்பார்கள், எல்லோரும் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசுவார்கள். இரண்டு மூன்று நாள் முன்பே படம் வரைந்து சொல்லிவிட்டால், தானும் ஒரு பொட்டலப் பொரியோடு வீட்டுக்கு வந்துவிடுவான். மாதாந்திர மின்தடை நாளும் அப்படியே.

முழுநேர வேலை தாங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். தினம் மூன்று மணி நேரமோ, வாரம் மூன்று நாளோ, அப்பாவின் கடையில் ஒரு குறிப்பிட்ட பொறுப்போ போதும். வீட்டுத் தொழிலில் சேர்த்தாலும் நேரமும் சம்பளமும் வேலைப் பட்டியலும் வெளியிடம் போலவே இருக்கட்டும்.

நான்காவது மாதம் வாக்கில் எல்லாம் சரியாகப் போகிறது என்று நாம் மூச்சு விடும்போது, மேற்பார்வையாளர் மாற்றலாகிப் போவார். நான் பார்த்தவரை வேலைகள் அதிகமாக உடைவது இந்த இடத்தில்தான். புதியவருக்கு எதுவும் தெரியாது. பிள்ளைக்கோ பழைய முகம் இல்லை. ஆகவே மாதம் ஒருமுறையாவது வேலையிடத்துக்குப் போய்த் தலைகாட்டுங்கள். பழையவர் கிளம்புவதற்குள் இருவரையும் பிள்ளைக்கு முன்னால் ஒன்றாக நிற்கவைத்து, 'இனி இவர்தான் சொல்வார்' என்று அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். ஒரு பக்கக் குறிப்பின் புதிய பிரதியைப் புதியவர் கையில் கொடுங்கள். நோட்டில் அடுத்த பக்கத்தைத் திறந்து, அவர் பெயரையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள்.